கஞ்சாவும் ‘ஒரு தடவைதானே’ என்ற நம்பிக்கையும்

கஞ்சாச் செடியின் பூக்கதிரில் ஊறும் பிசினில் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. போதை தருவது அதுதான். புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் மூளையை எட்டி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். தின்பண்டத்திலோ பாலிலோ கலந்து உட்கொண்டால் ஏறுவதற்கே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து மேலும் சாப்பிடுபவர் இரண்டு அளவின் வேகத்தையும் ஒன்றாகத் தாங்க வேண்டியிருக்கும்.

மூளை தானே சுரக்கும் ஒரு பொருளின் இடத்தில்தான் டி.எச்.சி. போய் உட்காருகிறது. 1992இல் அந்தப் பொருளைக் கண்டறிந்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மனம் லேசாவது, சிரிப்பு, பசி, பாட்டு கூடுதலாக இனிப்பது எல்லாம் இந்த வழியில் வருபவை. சற்றுமுன் பேசியது மறப்பது, நேரக்கணக்கு தப்புவது, நெஞ்சு படபடப்பது, காரணமில்லாத பயம், சுற்றியிருப்பவர்மேல் சந்தேகம் ஆகியவையும் அதே வழியில்தான் வருகின்றன. எது வரும் என்பதை முதல் தடவை இழுப்பவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கஞ்சாவுக்கு ஆதரவான வாதம் வெறும் வீம்பு அல்ல. 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 பேரை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை என்றது. ஹெராயின்போல மூச்சை நிறுத்திக் கொல்லும் இயல்பும் கஞ்சாவுக்கு இல்லை. ‘ஒரு இழுப்பிலேயே பைத்தியம்’ என்று மேடையில் மிரட்டுபவர்களை மாணவர்கள் நம்பாமல் போவது இதனால்தான். அந்த நம்பிக்கை போனபின் உண்மையான எச்சரிக்கையும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. ஆனால் ஆணையம் பேசியது மிதத்தில் நின்றவர்களைப் பற்றி. முயன்று பார்ப்பவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார் என்பது பரவலான மதிப்பீடு. பதின்வயதில் தொடங்கினால் அது ஆறில் ஒருவர் அளவுக்கு உயர்கிறது.

வயதுதான் இந்த விவாதத்தின் மையம். மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயதுவரை நீள்கிறது. சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய், புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மடங்கு காணப்பட்டது. காரணம் கஞ்சா மட்டுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என்றாலும், குடும்பத்தில் மனநோய் உள்ளவருக்கு அபாயம் கூடுதல் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தருமபுரி மாவட்டத்தில் இந்த அபாயங்களோடு ஊரின் அமைப்பும் சேர்கிறது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து கஞ்சா ரயிலிலும் சாலையிலும் தெற்கே வருகிறது. சென்னை-கோவை ரயில்பாதை மொரப்பூர் வழியாகவும், பெங்களூரு-சேலம் நெடுஞ்சாலை தருமபுரி வழியாகவும் செல்கின்றன. அதே நெடுஞ்சாலையில்தான் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இருக்கிறது. தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறனைக் கஞ்சா மழுங்கடிக்கிறது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் பைக்கில் போய்வரும் இளைஞருக்கு, போதை தெளியாத அந்தச் சில மணி நேரமே உயிருக்கு ஆபத்து.

அடுத்தது சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தண்டனை விதிப்பதில் பொழுதுபோக்குக்கும் பழக்கத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. கஞ்சா உட்கொண்டதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கையில் ஒரு பொட்டலம் இருந்தாலும் அது ‘சிறிய அளவு’ என்ற ஒரு கிலோ வரம்புக்குள் வரும் குற்றமே. தண்டனை ஓராண்டு வரை. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’க்குப் பின் கெடுபிடி கூடியிருக்கிறது. விற்பவரைப் பிடிப்பது அவசியம். ஆனால் ஒரு தடவை இழுத்த கல்லூரி மாணவருக்குப் புகையைவிட வழக்கு நீண்ட நாள் தங்கும். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடக்கையில் அது முன்னால் வந்து நிற்கும்.

அடிமையானவருக்கு மீளும் வழி இருக்கிறது. நிறுத்தினால் வரும் தூக்கமின்மையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிந்துவிடும். இதற்கென்று தனி மருந்து இல்லை. மனநல ஆலோசனையே முதன்மையான சிகிச்சை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. முதல் தடவை பிடிபட்ட மாணவர் அடிமை அல்லர். அதனாலேயே அந்தச் சலுகை அவருக்குக் கிடைப்பதில்லை. சட்டத்தில் முதலில் திருத்த வேண்டிய இடம் இதுதான்.