கருப்பி தெய்வமாகும் இடம்: மாரி செல்வராஜின் திரைப்படிமங்களும் தென்மாவட்டப் பார்வையாளரின் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தின் காட்சிப்படிமங்களைக் குறியீடுகளாகக் கொண்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொருளை எழுதி முடித்துவிடும் போக்கு அண்மைக்காலத் தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் மிகுந்துள்ளது. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் வரும் கருப்பி என்னும் நாயின் படிமத்தை அவ்வாறு முடித்துவிட இயலாது என்பதை இக்கட்டுரை வாதிடுகின்றது. தொல்காப்பியர் உள்ளுறைக்கு வகுத்த எல்லை இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வெல்லையைக் கருப்பி கடக்கும்போது பார்வையாளரின் நிலை எவ்வாறு மாறுகிறது என்பது ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: காட்சிப்படிமம், உள்ளுறை, கருப்பொருள், பொருள்கோள், நாட்டார் தெய்வம், மாரி செல்வராஜ்.

முன்னுரை

திரையில் தோன்றும் படிமம் தனித்து நின்று பொருள் தருவதில்லை. ஒரே முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்தை அடுத்தும் சவப்பெட்டியை அடுத்தும் வைத்தால் பார்ப்போர் அம்முகத்தில் வெவ்வேறு உணர்வுகளைக் காண்பர் என்பது உருசிய இயக்குநர் குலெசோவின் பெயரால் வழங்கும் கருத்து. படிமம் இயல்பிலேயே பலபொருள் தருவது. அதனை ஒரு பொருளில் நிறுத்துவது உடன்வரும் சொல் என்றார் ரோலான் பார்த். அனுப்பப்படும் செய்தியைப் பார்வையாளர் தம் சமூக நிலைக்கேற்ப ஏற்கவோ, பேரம் பேசவோ, மறுக்கவோ செய்வர் என்றார் ஸ்டூவர்ட் ஹால். இம்மூவரையும் நம் ஆய்வேடுகள் தவறாமல் எடுத்தாளுகின்றன. ஆயினும் படத்திற்கு வரும்போது, ‘நாய் – ஒடுக்கப்பட்டோர், நீலம் – விடுதலை, தண்டவாளம் – சாதி’ என்று அட்டவணையிட்டு அமைந்துவிடுகின்றன. அட்டவணை பிழையானது அன்று. ஆனால் பார்வையாளர் அரங்கில் உணர்ந்த ஒன்றை அது வெளியே விட்டுவிடுகின்றது.

இக்கட்டுரை கள ஆய்வின் அடிப்படையில் எழுந்ததன்று. இங்குப் பார்வையாளர் எனப்படுபவர், படத்தின் அமைப்பு தன்முன் அமர்த்திக்கொள்ளும் பார்வையாளர்; இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், வன்னியம்பட்டி வட்டாரத்தின் காட்சி மரபில் வளர்ந்த ஒருவராக அவரைக் கருதிக்கொள்ளலாம். இவ்வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், வேட்டைநாயும் நாட்காட்டிப் படமும் இங்கு அன்றாடப் பொருள்களாக இருப்பதே.

நாயை அறிந்த நிலம்

மாரி செல்வராஜ் இயக்கி, பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்த ‘பரியேறும் பெருமாள்’ 2018 செப்டம்பர் 28 அன்று வெளிவந்தது. படம் வேட்டை முடிந்து நாய்களுடன் நீர்நிலையில் இளைப்பாறும் இளைஞர்களோடு தொடங்குகின்றது. ஆதிக்கச் சாதியினர் வருவதைக் கண்டு பரியனும் நண்பர்களும் விலகிச் செல்கின்றனர். வந்தவர்கள் அந்நீரை இழிவுசெய்கின்றனர். சற்று நேரத்தில் கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டு இரயில் மோதி இறக்கின்றது. ஊரே கூடி மனிதர்க்குரிய சடங்குகளோடு அதனை அடக்கம் செய்கின்றது.

நகர்ப்புறப் பார்வையாளருக்குக் கருப்பி ‘ஒரு நாய்’. இவ்வட்டாரத்தாருக்கு அது மெலிந்த உடலும் நீண்ட முகமும் கொண்ட வேட்டைநாய். விருதுநகர் மாவட்டத்தின் சிப்பிப்பாறை ஊர்ப்பெயரைத் தாங்கிய இனத்தை நினைவூட்டும் வடிவம். அதன் அண்டை இனமான இராஜபாளையம் நாய் வெண்மை நிறத்தாலும் இளஞ்சிவப்பு மூக்காலும் மதிக்கப்படுவது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்றில் அது இடம்பெற்றது. அரசின் முத்திரை பெற்ற பெருமைப்படிமம் அது. நல்ல வேட்டைநாய் வைத்திருப்பது இங்கு நிலவுடைமையோடும் குடிப்பெருமையோடும் பிணைந்தது. ஆகவே நிலமற்ற இளைஞனின் கையில் அத்தகைய நாய் இருப்பதே இவ்வட்டாரப் பார்வையாளருக்கு ஒரு செய்தி. கருப்பி ஏன் கொல்லப்பட்டது என்பதற்கு வசனம் தேவைப்படாத இடம் இது. வெண்மை மதிக்கப்படும் நாய் மரபின் நடுவே ‘கருப்பி’ என்னும் பெயர் தரும் அழுத்தத்தையும் இவர் விளக்கமின்றியே பெறுகிறார்.

உள்ளுறையின் எல்லை

தொல்காப்பியர் தொகுக்கும் கருப்பொருள்களில் தெய்வமும் உண்டு. ‘மா’ எனப்படும் விலங்கும் உண்டு. உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியனவும் அவற்றோடு அடங்கும். ஆனால் உள்ளுறை உவமத்திற்கு நிலைக்களன் கூறுமிடத்து அவர் தெய்வத்தை விலக்கி, எஞ்சிய கருப்பொருள்களையே கொள்கிறார். யானையும் மீனும் வண்டும் தலைவனையோ தலைவியையோ உள்ளுறையாக உணர்த்தலாம். முருகன் அவ்வாறு உணர்த்தலாகாது. இவ்விலக்கிற்கு நான் கொள்ளும் காரணம் எளியது. உள்ளுறையில் கருப்பொருள் பிறிதொன்றைச் சுட்டிவிட்டுத் தான் பின்வாங்க வேண்டும். தெய்வம் பின்வாங்காது. அதனைப் பிறிதொரு பொருளின் ஊர்தியாக்க இயலாது.

இவ்வளவுகோலைக் கொண்டு படத்தைக் காண்போம். இறக்கும் வரை கருப்பி முறையான உள்ளுறையே. வேட்டையாடத் தெரிந்தும், கட்டப்பட்டு ஓட முடியாமல் சாகும் விலங்கு, சட்டம் படிக்கவரும் பரியனுக்கு நேரவிருப்பதை முன்னுணர்த்துகின்றது. பிற்பகுதியில் பரியனும் அடித்து வீழ்த்தப்பட்டு, கொலையைத் தற்செயல் இறப்பாகக் காட்டும் முதியவரால் தண்டவாளத்தில் கிடத்தப்படுகிறான். படத்தின் முதலும் இறுதியும் இவ்வாறு பூட்டப்படுவது நன்னூலார் கூறும் பூட்டுவிற் பொருள்கோளை ஒத்தது. இடைப்பட்ட கல்லூரிக் காட்சிகள் அனைத்தையும் பார்வையாளர் இவ்விரு தண்டவாளங்களுக்கு நடுவே வைத்தே படிக்க நேர்கின்றது. செய்யுளுக்கு வகுத்த இலக்கணம் படத்தொகுப்பிற்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதை நம் திரைப்பட ஆய்வாளர்கள் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

இனித்தான் சிக்கல். மயங்கிக் கிடக்கும் பரியனை எழுப்புவது யார்? இறந்த கருப்பி. இது நினைவுக்காட்சியாக மட்டும் நின்றிருப்பின் உள்ளுறை என்றே கொள்ளலாம். ஆனால் கருப்பி வந்து அவனை எழுப்புகின்றது. அவன் உயிர் பிழைக்கின்றான். கதைநிகழ்ச்சியையே மாற்றும் ஆற்றல் அப்படிமத்திற்குக் கிட்டிவிடுகின்றது. பிறிதொன்றைச் சுட்டிப் பின்வாங்க வேண்டிய கருப்பொருள் பின்வாங்காமல் நின்று செயற்படுகின்றது. ‘மா’ என்னும் கருப்பொருள், அதே பட்டியலின் ‘தெய்வம்’ என்னும் கருப்பொருளாக மாறும் இடம் இதுவே.

கொலையுண்டோர் தெய்வமாதல்

இம்மாற்றம் இயக்குநரின் தனிப்பட்ட கற்பனை அன்று. அநீதியாகக் கொல்லப்பட்டோர் தெய்வமாக நிலைபெறுவது தென்மாவட்ட வழிபாட்டின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை தொடங்கி மதுரை வீரன், காத்தவராயன் கதைகள் வரை சாதி கடந்த உறவும் கொலையும் தெய்வமாதலும் ஒரு தொடராகவே வருகின்றன. விலங்கும் இம்மரபிற்கு முற்றிலும் புறம்பானதன்று. வடதமிழகத்தில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ‘கோவிவன்’ என்னும் நாயும் பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளது. காலமும் இடமும் வேறாயினும், நாய் தன் பெயரோடு நினைவுக்குரியதாகும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று. படத்தின் தலைப்பும் தெய்வப்பெயரே. பரியில் ஏறிவரும் அப்பெருமாளுக்குரிய குதிரை கதையில் பெயரளவில்தான் உள்ளது. அதன் இடத்தில் நடமாடுவது நாய்.

நீல நிறத்தையும் இங்கு வைத்தே காண வேண்டும். ‘நான் யார்’ பாடற்காட்சியில் பரியன்மீதும் கருப்பிமீதும் படரும் நீலம் அம்பேத்கரிய அரசியலின் நிறம் என்பது தெளிவு. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் அதனை உறுதிசெய்கின்றது. ஆயினும் இவ்வட்டாரத்தில் நீல உடல் வேறொரு வழியாகவும் கண்ணுக்குப் பழகியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜூவும் அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி வீட்டுச் சுவர்களில் ஏறின. நீல மேனி தெய்வத்தின் மேனி என்பது இங்குக் குழந்தைப் பருவத்திலேயே கற்கும் காட்சிப் பாடம். எனவே நீலம் பூசிய உடலைக் காணும் பார்வையாளருக்குக் கொடியின் நீலமும் நாட்காட்டியின் நீலமும் ஒருங்கே தோன்றுகின்றன. முன்னது பெருந்தெய்வ மரபை மறுப்பது. பின்னது அம்மரபிற்கே உரியது. இவ்விரண்டையும் ஒரே தோலில் ஏற்றியதில்தான் படத்தின் துணிவு உள்ளது. ‘நீலம் – விடுதலை’ என்று எழுதி அமையும் ஆய்வு இவ்வுரசலைத் தவறவிடுகின்றது.

சொல்லும் படிமமும் முரணும் இடம்

சொல் படிமத்தை நிலைநிறுத்தும் என்பது பார்த்தின் கருத்து. இப்படத்தின் இறுதியில் அது தலைகீழாகின்றது. தன்னை நாயாகவே இருக்குமாறு எதிர்பார்க்கும் வரை எதுவும் மாறாது என்னும் பொருள்பட, ஜோவின் தந்தையிடம் பரியன் கூறுகிறான். இங்கு ‘நாய்’ என்பது இழிவின் பெயர். ஆனால் அவனை உயிர்ப்பித்த நாயைப் பார்வையாளர் சற்றுமுன்னர்தான் கண்டுள்ளார். சொல் இழிவைக் கூற, படிமம் தெய்வத்தைக் காட்ட, இரண்டில் ஒன்று மற்றொன்றை அடக்கவில்லை. பரியன் தன் எதிரியின் மொழியில் பேச வேண்டியிருக்கின்றது. அவனது சொந்த மொழி படிமத்தில் மட்டுமே உள்ளது. அதனை ஜோவின் தந்தை அறியார். அரங்கிலிருப்போர் அறிவர். பார்வையாளரை வெறும் இரக்கத்திலிருந்து உடந்தை அறிவிற்கு உயர்த்துவது இவ்விடைவெளியே.

பிற்காலப் படங்களில் இவ்விடைவெளி ஒரே சீராக நிற்கவில்லை. ‘கர்ணன்’ (2021) படத்தில் பேருந்து நிற்காமையால் சாலையில் உயிர்விடும் சிறுமி காட்டுப்பேச்சியாகி, முகமூடி அணிந்த உருவில் மீளமீளத் தோன்றுகிறாள். தெய்வமாதல் இங்குப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகின்றது. பின்னர் ஒவ்வொரு திருப்பத்திலும் நினைவூட்டப்படுகின்றது. பார்வையாளர் தாமே கொண்டுகூட்ட வேண்டியதை இயக்குநரே கூட்டிவைத்துவிடுவதால், பேச்சியின் வலிமை கருப்பியினும் குறைவு என்றே கருதுகிறேன். அப்படத்தில் உண்மையில் மனத்தில் நிற்பது முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை. அது தெய்வமாகாமல் விலங்காகவே இருந்து, உள்ளுறையின் எல்லைக்குள் நின்றே தன் பணியை முடிக்கின்றது.

‘மாமன்னன்’ (2023) இதற்கு நேர்மாறானது. அங்கு நாய் வளர்ப்பவன் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ரத்னவேல். பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்பவன். ஒடுக்கப்பட்ட அதிவீரன் வளர்ப்பவை பன்றிகள். ஒரே இயக்குநரின் கையில், ஐந்தாண்டுகளுக்குள், நாய் உடைமையாளனின் பக்கம் சென்றுவிடுகின்றது. ‘மாரி செல்வராஜின் படங்களில் நாய் ஒடுக்கப்பட்டோரைக் குறிக்கும்’ என்னும் வாய்பாடு இங்கு உடைகின்றது. படிமத்தின் பொருளை விலங்கு முடிவுசெய்வதில்லை. அது யாருடைய கையில் இருக்கிறது, அதன் சாவுக்கு யார் அழுகிறார் என்பவையே முடிவுசெய்கின்றன. ரத்னவேலின் நாய்க்கு ஒப்பாரி இல்லை. அது திரும்பியும் வரவில்லை.

இரு குவளைகள்

‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இறுதிச் சட்டகத்தில் இரு தேநீர்க் குவளைகள் உள்ளன. ஒன்றில் பால் கலந்தது, மற்றொன்றில் கலவாதது. இடையே ஒரு மல்லிகைப்பூ. இரட்டைக் குவளை வழக்கத்தை அறிந்த எவருக்கும் இதன் பொருள் உடனே புலப்படும். படத்தைப் பற்றிய எழுத்துக்களில் பெரிதும் பாராட்டப்பட்ட படிமமும் இதுவே. இது நல்ல உள்ளுறை, முறையானது, பொருள் விளங்கியதும் நிறைவு தருவது. அந்நிறைவே என்னைச் சற்றுத் தயங்கச் செய்கின்றது.

குறியீட்டிற்குப் பொருள் கண்டதும் பார்வையாளரின் கடமை முடிகின்றது. தெய்வத்திற்கு அவ்வாறன்று. கொலையுண்டு தெய்வமானவர்க்கு ஆண்டுதோறும் படையல் வேண்டும். அதனை நிறுத்தினால் கேள்வி எழும் என்பதே இந்நிலத்தின் நம்பிக்கை. கருப்பியைக் குறியீடாகக் கொள்பவர் அதன் பொருளைக் குறித்துக்கொண்டு அரங்கைவிட்டு வெளியேறலாம். தெய்வமாகக் கண்டவருக்கு ஒரு கடன் மிஞ்சுகின்றது. ஒரே படம் இவ்விரு வகைப் பார்வையாளரையும் அருகருகே அமர்த்துகின்றது. நம் ஆய்வுகள் இதுவரை முதல்வகையினரின் குறிப்பேடுகளாகவே இருந்துவருகின்றன.

படம் கருப்பியோடு முடியாமல் குவளைகளோடு முடிந்தது ஏன் என்னும் வினா எஞ்சுகின்றது. ஜோவின் தந்தையும் பரியனும் பேசிக்கொள்ளும் அவ்விடத்தில் கருப்பி வந்திருப்பின் உரையாடல் நிகழ்ந்திராது. தெய்வத்தின் முன் கொன்றவனும் பிழைத்தவனும் சமமாக அமர்வதில்லை. பேச்சிற்கு இடந்தரவே இயக்குநர் அதனைச் சட்டகத்திற்கு வெளியே நிறுத்தியிருக்கிறார் எனக் கொள்ளலாம். அருந்தி முடித்து இருவரும் சென்ற பின், மேசைமேல் இரு குவளைகளும் பூவும் மட்டும் இருக்கின்றன.