அந்த எபிசோடை யார் அழிப்பது?

‘சொல்வதெல்லாம் உண்மை’ பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நடத்துபவரைப் பற்றித்தான் எழுதினார்கள். நிர்மலா பெரியசாமி எப்படி அதட்டினார், லட்சுமி ராமகிருஷ்ணன் எப்படி அறிவுரை சொன்னார், இவர்களுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று. நியாயமான கேள்விகள்தான். ஆனால் 2011ல் ஜீ தமிழில் தொடங்கிய நிகழ்ச்சி நின்றுபோனது, எபிசோடுகள் நிற்கவில்லை. இன்றும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் அங்கே ஏன் போனார்கள் என்று பார்க்கணும். ‘காசுக்கும் விளம்பரத்துக்கும்’ என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. 1992ல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் ஸ்டேஷன் வந்துவிட்டது. ஆனாலும் ‘பேசி அனுப்பிடுவாங்க’ என்ற பயம் போகவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருத்தர் மதியம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: “கோர்ட்டுக்குக் கூப்பிட்டா வராதவன், டிவியில கூப்பிட்டா வந்து உக்கார்றான் பாரு.” நிகழ்ச்சியின் பலம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாத விமர்சனம் எனக்கு வசதியானவர்களின் முகச்சுளிப்பாகத்தான் படுகிறது.

சரி, அதற்கு என்ன விலை? 1984ம் வருட குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11வது பிரிவுப்படி, ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். டிவி அவரைக் கூப்பிட்டு வந்தது, ஆனால் அந்த அறையின் கதவைக் கழற்றிவிட்டது.

பிறகு நாம் வந்தோம், மீம் தலைமுறை. ‘என்னம்மா இப்படி பண்றீங்களேம்மா’வை விஜய் டிவியில் ராமர் கிண்டலடித்தார், 2016ல் ‘ரஜினிமுருகன்’ படத்தில் அது பாட்டாகவே ஆனது. நடத்துபவரை நக்கலடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம். அந்த வாக்கியம் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் சொன்னது. அவரை நாம் கிண்டல்கூடச் செய்யவில்லை, மறந்தேபோனோம்.

‘அருவி’ (2017) இதில் கொஞ்சம் நேர்மையான படம். ‘சொல்வதெல்லாம் சத்தியம்’ செட்டில் கூனிக்குறுகி உட்கார வைக்கப்பட்டவள் துப்பாக்கியைத் தூக்குகிறாள், மொத்த ஸ்டுடியோவும் அவள் சொன்னபடி ஆடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஆனாலும் அது ஆசை நிறைவேறும் கனவுதான். ஸ்டுடியோவுக்குள் இருப்பவர்களைத் துப்பாக்கி வைத்துப் பணிய வைக்கலாம். ஏற்கெனவே அப்லோட் ஆன வீடியோவை என்ன செய்வது? படம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் சாஃப்ட்வேர்க்காரன், அதனால் என் மூளை அங்கேதான் போகிறது. எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் லாகுக்கே 90 நாள் கெடு உண்டு. அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். ஒரு குடும்பத்தின் மிக மோசமான நாளுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. 2013ல் அப்பாவும் அம்மாவும் கேமரா முன்னால் அடித்துக்கொண்டபோது ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது கல்லூரியில் சேரும் வயது. அப்பா யாருன்னு ஊரே கேட்ட எபிசோடை ஹாஸ்டல் ரூம்மேட் தேடி எடுக்க இரண்டு நிமிடம் போதும். அந்தப் பிள்ளை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

2018ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தபோது நாம் எல்லோரும் பேசியது இனிமேல் ஒளிபரப்பலாமா என்பதைத்தான். ஏற்கெனவே ஒளிபரப்பானதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னது அதற்கு முந்தைய வருடம்தான். பிரிட்டனில் 2019ல், பங்கேற்ற ஒருவர் இறந்த பிறகு, ‘ஜெரமி கைல் ஷோ’வை ஐடிவி ஒரேயடியாக முடித்தது, மறுஒளிபரப்புகளையும் நிறுத்தியது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

இங்கே செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. பங்கேற்றவரோ, அப்போது குழந்தையாக இருந்தவரோ கேட்டால் வீடியோவை ‘பிரைவேட்’ ஆக்க வேண்டும். ஒரு படிவம், ஒரு பட்டன். ‘மத்தவங்க காப்பி எடுத்துப் போட்டுட்டாங்களே’ என்று சொல்லலாம். காப்பிரைட் யாரிடம் இருக்கிறது? சினிமா துணுக்கு ஒன்றைப் போட்டால் மறுநாளே ஸ்ட்ரைக் அனுப்பத் தெரிந்த சேனல்களுக்கு இதுவும் தெரியும்.