திருந்த வேண்டிய பாவை

ரெட்டிபாளையத்தில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைபேசியில் தோல்பாவைக்கூத்துப் பதிவொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஒருவரையொருவர் ஏச, அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கொச்சை என்று முகம் சுளிக்கும் தமிழ்த்துறை ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதர் சொன்னால் அடி விழும் சொல்லை ஆட்டுத்தோல் சொல்லலாம். கூத்தின் உயிரே அதுதான். ஆனால் பெண்பாவைக்கு அந்த உரிமை ஏது? நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். மூளி அலங்காரி கொடுமைக்காரி. இருவருக்கும் குரல் பெரும்பாலும் ஓர் ஆணுடையது. அவர் மனைவி பக்கத்தில் அமர்ந்து பாவை எடுத்துக் கொடுப்பார், பாடுவார்.

2003இல் பிராட்வேக்கு வந்து, மறு ஆண்டே சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருது பெற்ற ‘அவென்யூ கியூ’ நினைவுக்கு வந்தது. பெரியவர்களுக்கான பாவை நாடகம். காமம், வேலையின்மை, இனவெறுப்பு எல்லாம் பாட்டாகும். கேட் மான்ஸ்டர், லூசி என்ற இரு பெண்பாவைகளுக்கும் ஸ்டெஃபனி டி’அப்ரூஸோ என்ற பெண்ணே குரல் தந்தார். இங்காவது விடிந்தது என்று நினைத்தேன். இணையத்தில் ஆபாசப் படமே கதியென்று கிடக்கும் டிரெக்கி மான்ஸ்டர் கடைசியில் கேட்டின் பள்ளிக்குக் கோடிகளை வாரிக் கொடுக்கும் வள்ளல். ஆசையை ஒளிக்காத லூசியோ மனம் திரும்பிக் கற்பு விரதம் பூணுகிறாள். அவ்வளவு துணிந்த நாடகத்துக்கும் இது நகைச்சுவையாகவே பட்டிருக்கிறது.

அத்தையிடம் கதையைச் சொன்னேன்.

“அந்த ஆம்பளப் பொம்மைய ஏன் திருத்தல?” என்றார். பிறகு, உளுவத்தலையன் வரும் இடத்துக்கு மறுபடி தள்ளச் சொன்னார்.