கிழவி கண்டறிந்தது எப்படி?

புறநானூற்றின் 278ஆம் பாடல், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள் நரம்பு தெரியும் மெலிந்த தோள்களையுடைய கிழவி. அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். மகன் சிதைந்து கிடக்கிறான். அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். திணை தும்பை, துறை உவகைக் கலுழ்ச்சி. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்கால் கடலோரத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். "துண்டுதுண்டா கெடந்தவன தன் புள்ளதான்னு அந்தக் கெழவி எப்படிம்மா கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இறந்தவர். அவர் எந்தக் குழியில் கிடக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புதுச்சேரி நகரில், கடற்கரைச் சாலைக் கற்சுவருக்கு இப்பால், பத்திரமாக இருந்தேன்.

வீரத்தாய் என்று பழைய உரைகள் இவளைப் போற்றின. அரசனின் போருக்குத் தன் முலையையே பிணை வைக்கும்படி பழக்கப்பட்டவள் என்று பெண்ணியர்களாகிய நாம் மறுவாசிப்பு செய்தோம். அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் இரு சாராருமே அவள் களத்தில் செய்த வேலையைத் தாண்டிப் போய்விட்டோம். எதைக் கொண்டு மகனை அறிந்தாள் என்று பாடல் சொல்லவில்லை. தாய்க்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. நாமும் விட்டுவிட்டோம்.

தடயவியல் அப்படி விடுவதில்லை. வெப்பத்திலும் கடல்நீரிலும் ஓரிரு நாளில் முகம் உருமாறிவிடும் என்பதால், உறவினர் பார்த்துச் சொல்வதை மட்டும் அது நம்புவதில்லை. கைரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றும் இன்டர்போல் வகுத்த முதன்மை அடையாளங்கள். தழும்பு, பச்சை குத்தியது, நகை, உடை எல்லாம் துணை அடையாளங்கள். ஆனால் இறந்தவரின் பல்லை ஒப்பிட, உயிரோடிருந்தபோது யாராவது அதைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். தாய்லாந்தில் சுனாமியில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பல நாட்டு நிபுணர்கள் வந்தார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோரை அடையாளம் காட்டியவை பற்கள்தான். பல் மருத்துவரிடம் பதிவுகள் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது உதவியது. நம் மீனவப் பெண்ணின் பல்லுக்கு ஏது பதிவு?

இங்கே இறந்தவர்களில் பெண்களே அதிகம். நமக்கு அடுத்த கடலூரில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் எழுதியது. ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள், நீந்தப் பழக்கப்படாதவர்கள். நம் இலக்கியத்தில் கிடப்பவன் ஆண், தேடி வருபவள் பெண். கண்ணகி, மண்டோதரி, கலிங்கத்துப்பரணியின் மனைவியர் எல்லோரும் அப்படி வந்தவர்களே. பெண்ணுடலைத் தேடி ஆண் அலைந்த இந்தக் கரைக்கு நம் மரபில் ஒரு துறைப்பெயர்கூட இல்லை.

கொள்ளைநோய் வரும் என்ற பயத்தில் உடல்களை அவசரமாகக் குழிகளில் இட்டார்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண், படம், உடற்குறிகளின் குறிப்பு, பிறகு தோண்டி எடுக்கக்கூடிய தனி இடம் என்று அது கேட்பதெல்லாம் எளியவை. பெரிய ஆய்வகம் அதற்கு வேண்டாம்.

அம்மாவை யார் தேடினார்கள் என்று மாணவியிடம் கேட்டேன்.

"அப்பாவும் மாமாவுந்தாம்மா. தாலியையும் சேலையையும் வச்சுத் தேடுனாங்க. சேலையத்தான் கடல் உருவிடுச்சே. அம்மாவுக்கு எடது கட்டவெரல்ல மீன் அரியறப்ப வெட்டுன தழும்பு இருக்கும். அது எனக்குத்தான் தெரியும். சின்னப் புள்ள பாக்கக் கூடாதுன்னு என்னக் கூட்டிட்டே போகல."

தாலியும் சேலையும் கணவன் வாங்கித் தந்தவை. அவர் அறிந்திருந்தது அவற்றைத்தான். உழைப்பு அந்த உடலில் எழுதியதைப் படித்திருந்தவள் ஒன்பது வயது மகள். அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது 278ஆம் பாடலை நடத்தும்போது, திணையும் துறையும் சொல்வதற்கு முன்னால் அவள் கேள்வியை வகுப்பில் கேட்கிறேன்.