அதிர்வது சுவரா, தந்தியா?

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கடைசி சீட்டுக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ராஜா பாட்டு ஓடும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், நெஞ்சுக்கூடு அதிரும். பக்கத்தில் இருக்கும் தம்பி, "பாஸ் செமயா இருக்குதுங்க" என்பார். நானும் பல வருஷம் அப்படித்தான் தலையாட்டினேன். நாங்கள் இருவரும் பாராட்டியது ராஜாவையா, பஸ்ஸின் தகரத்தையா என்ற சந்தேகம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

நம் சினிமா இசை விமர்சனத்தில் ராகத்துக்கு இடமுண்டு, வரிகளுக்கு உண்டு, குரலுக்கு நிறையவே உண்டு. பாஸ் கிட்டாருக்குக் கிடைப்பது 'செம' என்ற ஒற்றைச் சொல். இத்தனைக்கும் இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதித் தருகிறவர். பாஸும் அதில் அடக்கம். அவர் குழுவில் நீண்ட காலம் பாஸ் வாசித்த சசிதரனின் பெயர் இன்று ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் வாசித்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் 'டும் டும்' என்றுதான் பதில் வரும். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரும் யேசுதாஸும் மேலே போய்க்கொண்டிருக்க, கீழே இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருக்கிறது. அது தாளத்துக்கு முட்டுக் கொடுக்கிற வேலை இல்லை, பாட்டோடு நடக்கிற ஒரு பேச்சு.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் பேச்சைச் சின்ன டிரான்சிஸ்டரில் கேட்டவர்கள் நம்மைவிட நன்றாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அந்த ஒலியை எழுப்ப வலுவே கிடையாது. ஆனால் அதே சுரத்தின் மடங்குகள், 82, 123 என்று மேலே இருப்பவை, ஓரளவு வந்து சேரும். அவற்றை வைத்து நம் மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆக டிரான்சிஸ்டர் மெட்டைக் கொடுத்தது, உடம்பைக் கொடுக்கவில்லை. நாம் வாங்கி வைத்திருக்கும் பெரிய பெட்டிகள் உடம்பைக் கொடுத்துவிட்டு மெட்டை விழுங்கிவிடுகின்றன.

குற்றம் பெட்டியுடையது மட்டுமல்ல. நம் ஊரில் ரூம் என்றால் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. கான்கிரீட் கூரை, பூசின சுவர், டைல்ஸ் தரை. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி தானாகவே ஊதிப் பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றென்றால் மூன்று பெருக்கமும் ஒரே இடத்தில் வந்து விழும். பாஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் வீடே எழுந்து நிற்கும். பக்கத்துச் சுரங்கள் சோப்ளாங்கியாகப் போய்விடும். ராஜா சமமாக எழுதி வைத்த வரியைக் கொத்தனார் திருத்திவிடுகிறார். நாம் அதைக் கேட்டுவிட்டு 'செம' என்று எழுதுகிறோம்.

சப்வூஃபர் இதைக் கெடுக்கவும் செய்யும், சரி பண்ணவும் செய்யும். பாஸ் மேனேஜ்மென்ட் என்று சொல்வது ஒரு வேலைப் பங்கீடுதான். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டு, மேலே இருப்பதை ஸ்டீரியோ ஸ்பீக்கர்களிடம் விடுவது. அந்த எல்லைக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சுலபமாகச் சொல்ல முடியாது. அதனால் சப்வூஃபர் ரூமில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கே என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூலையில் தள்ளினால் அதிர்வு கூடும், மெட்டு கலங்கும். நல்ல இடம் கண்டுபிடிக்கப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போகவேண்டும். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிற இடம்தான் பெட்டிக்கான இடம். நான் தவழ்ந்தபோது அம்மா கதவோரம் நின்று, "என்ன கண்ணு, எதையத் தொலைச்ச?" என்றார். "பாஸைத் தேடறேனுங்கம்மா" என்றேன்.

கிடைத்த அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதிர்வு குறைந்துவிட்டது. பெட்டி ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். மூன்றாவது பாட்டில்தான், இருபது வருஷம் கேட்ட பாட்டில் கேட்காத ஒரு இறக்கம் கேட்டது. சப்வூஃபர் சரியாக இருந்தால் அது இருப்பதே தெரியாது, அணைத்தால் மட்டும் தெரியும்.

"அப்போ நெஞ்சில் அடிக்கிற சுகம் தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. இது ஜமாப் அடிக்கிற ஊர். கோயில் நோம்பியில் அந்த அடி நெஞ்சில் விழவில்லை என்றால் அது ஜமாப்பே இல்லை. கோவைக்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' 2012ல் வந்தது. ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்த காதுக்கு பாஸ் என்றால் தந்தியைவிட, ரோலண்ட் 808 டிரம் மெஷின் உலகத்துக்குக் கொடுத்த அந்த நீளமான உதைதான். ஆனால் ஜமாப் திறந்த வெளியில் அடிக்கிறது. அங்கே பத்தடியில் சுவர் கிடையாது. அடி விழும், உடனே நிற்கும், அடுத்த அடிக்கு இடம் விடும். அந்த இடைவெளியில்தான் கால் ஆடுகிறது. நம் ரூமில் ஒரு அடி முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. கலங்கிய பாஸ் ராஜாவுக்கு மட்டுமல்ல, குத்துக்கும்தான் துரோகம்.

கடைசியாக ஒன்று. லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். நடுச்சுவர் குரலைத் தடுக்கும், கிட்டாரைத் தடுக்கும், அடிச்சுரத்தைத் தடுக்காது. நமக்குப் பாட்டு, பக்கத்து வீட்டுக்கு வெறும் இடி. அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு வந்த ஒருவர் பகலில் தூங்கப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் 'ராஜா' என்று மெய்மறப்பதில் அவருக்குப் போய்ச் சேருவது ராஜா அல்ல. பாஸ் குமிழை ஒரு சுற்று குறைத்துவிட்டுக் கேளுங்கள். அவருக்குத் தூக்கம் வரும், நமக்கு அந்த மெட்டு கேட்கும்.