கடைசி வசனம் யாருக்கு?

அரசியல்வாதிகளை ரப்பர் பொம்மைகளாக்கிக் கேலி செய்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான ஸ்பிட்டிங் இமேஜின் ஆவணங்கள் 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நியூட்டனின் கைப்பிரதிகள் இருக்கும் நூலகம் அது. இரண்டு ஆண்டு கழித்து, 2020இல், தொடரே பிரிட்பாக்ஸ் தளத்தில் மறுபிறவி எடுத்தது. இந்த இரண்டையும் ஒட்டி ஒரு வாதம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது: மனிதன் சொல்லத் துணியாததை பொம்மை சொன்னது, அதிகாரத்தின் முகமூடியை ரப்பர் முகம் கிழித்தது, வயது வந்தவர்களுக்கான பொம்மை நகைச்சுவை இல்லாவிட்டால் ஜனநாயகம் ஒரு பல்லை இழந்துவிடும். இந்த வாதத்தை நான் நெடுங்காலமாக நம்பவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தொடரை உருவாக்கிய பீட்டர் ஃப்ளக்கும் ரோஜர் லாவும் பத்திரிகைகளுக்குக் களிமண்ணில் கேலி உருவங்கள் செய்துகொண்டிருந்தவர்கள். 1984 பிப்ரவரியில் அந்தக் களிமண் ரப்பர் நுரையாகி, கண் சிமிட்டி, எச்சில் தெறிக்கப் பேசத் தொடங்கியபோது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதுபோல வேறொன்று இல்லை. பிரதமர் தாட்சரின் குரலைத் தந்த ஸ்டீவ் நாலன், ரீகனின் குரலைத் தந்த கிறிஸ் பேரி ஆகியோர் வெறும் பலகுரல் கலைஞர்கள் அல்லர், முழு நடிகர்கள். அரச குடும்பத்தைக்கூட விட்டுவைக்காத துணிச்சலும் உண்மையானது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் கேள்வி வேறு. அந்தச் சிரிப்பு யார் பக்கம் விழுந்தது?

தொடரின் மிகப் புகழ்பெற்ற காட்சியை எடுத்துக்கொள்வோம். தாட்சர் தன் அமைச்சர்களோடு உணவகத்தில் அமர்ந்திருக்கிறார். வேகாத இறைச்சி கொண்டுவரச் சொல்கிறார். காய்கறிகளுக்கு என்ன என்று பணிப்பெண் கேட்கிறாள். அவர்களுக்கும் அதேதான் என்கிறார் தாட்சர். காய்கறி என்று அவர் எடுத்துக்கொண்டது சுற்றி வாய்மூடி உட்கார்ந்திருக்கும் அமைச்சர்களை. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பிரித்துப் பாருங்கள். கேலிக்கு ஆளானவர்கள் அடங்கிப்போன அமைச்சர்கள். கடைசி வசனம் தாட்சருடையது. நாம் அவரை நோக்கிச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். பலவீனமானவர்களை அவர் எப்படிப் பார்த்தாரோ அதே கண்ணால், அரை நிமிடத்துக்கு, நாமும் பார்க்கிறோம். தாட்சரைத் தாக்கியதாக நாற்பது ஆண்டுகளாகக் கொண்டாடப்படும் காட்சி இது.

இது ஒரு காட்சியின் தற்செயல் அல்ல, இந்தக் கலையின் உடற்கூறிலேயே இருக்கிறது. ரப்பர் பொம்மைக்கு நுட்பமான முகபாவம் கிடையாது. ஒரே ஒரு குணத்தை ஊதிப் பெருக்கித்தான் அது உயிர் பெறும். ஆசையை, கோபத்தை, பசியை ஊதினால் உருவம் பெரிதாகிறது. அரங்கு முழுவதையும் அது நிறைத்துவிடுகிறது. தயக்கத்தை ஊதினால் உருவம் சுருங்குகிறது. ஆகவே பொம்மை மேடையில் யாருக்கு வெறி அதிகமோ அவரே நாயகர். தாட்சர் ஆண்களின் கோட்டுப் போட்டுச் சுருட்டுப் பிடித்தார். தோல் சட்டை போட்ட அடியாளாக வந்தார் அவருடைய அமைச்சர் நார்மன் டெபிட். இதில் அவமானம் எங்கே இருக்கிறது? உறுதியானவர் என்று பெயர் எடுக்க விரும்பும் அரசியல்வாதிக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது. அந்தப் பொம்மையைப் பற்றி டெபிட் பின்னாளில் மகிழ்ச்சியோடுதான் பேசினார்.

மறுபக்கம் டேவிட் ஸ்டீல். லிபரல் கட்சித் தலைவர். டேவிட் ஓவனின் சட்டைப் பையிலிருந்து தலை நீட்டும் குட்டிப் பொம்மையாக வாரந்தோறும் வந்தார். உண்மை என்ன? 1983 தேர்தலில் இருவரின் கட்சிகளும் சேர்ந்த கூட்டணி வென்ற 23 இடங்களில் 17 ஸ்டீலின் லிபரல் கட்சிக்கு. ஓவனின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு வெறும் 6. பெரிய கட்சியின் தலைவர் சின்னக் கட்சிக்காரரின் பைக்குள் போனார். ஏன்? ஓவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசுபவர், ஸ்டீல் மென்மையாகப் பேசுபவர். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொம்மை தன்னைப் பாதித்தது என்று ஸ்டீலே சொல்லியிருக்கிறார். அதிகாரத்தை எள்ளி நகையாடுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நிகழ்ச்சி, நாட்டின் மூன்றாவது அணியில் இருந்த, ஆட்சியே இல்லாத ஒருவரைத்தான் உண்மையில் காயப்படுத்தியது. இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தாட்சருக்குப் பிறகு வந்த ஜான் மேஜருக்கு உடல் முழுக்கச் சாம்பல் நிறம் பூசினார்கள். மனைவியோடு உட்கார்ந்து பட்டாணி சாப்பிடுவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. அவருடைய ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன, ரயில்வே தனியாருக்குப் போனது. பார்வையாளர் நினைவில் நின்றது பட்டாணி. 1992இல் அவர் கட்சி பெற்ற 1.4 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளை பிரிட்டிஷ் தேர்தல் வரலாற்றில் வேறு எந்தக் கட்சியும் தாண்டியதில்லை. பொம்மை வாக்குகளை மாற்றவில்லை என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்வார்கள். நான் வாக்குகளைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கு என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றிப் பேசுகிறேன். கொடுமையாக இருந்தால் பரவாயில்லை, சப்பென்று இருந்தால்தான் குற்றம் என்று கற்றுக்கொடுக்கப்பட்டது.

பிரான்சில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. கனால் ப்ளுஸ் தொலைக்காட்சி 1988 முதல் 2018 வரை நடத்திய பொம்மைச் செய்தி நிகழ்ச்சி லே கின்யோல். 1995 அதிபர் தேர்தலில் ழாக் சிராக்கின் பிரசாரச் சின்னத்தில் ஓர் ஆப்பிள் மரம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆப்பிள் சாப்பிடுங்கள் என்று ஊரெல்லாம் கூவும் அசட்டு மனிதராக அவரைக் காட்டினார்கள். நண்பர்கள் குத்திய கத்திகள் முதுகில் நின்றன. சிராக்கின் பொம்மைக்குப் பசி இருந்தது, வலி இருந்தது. அவருடைய போட்டியாளர் பலதூரின் பொம்மைக்கு விறைப்பு மட்டுமே இருந்தது. சில மாதங்களில் அந்த அசடு நாட்டின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. சிராக் வென்றார். பொம்மைகள்தாம் வெல்ல வைத்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாரிஸ் மாநகரத்தைப் பதினெட்டு ஆண்டு ஆண்டவர், இருமுறை பிரதமராக இருந்தவர், பாவப்பட்ட மனிதராகத் தெரிந்ததில் அந்த ரப்பர் முகத்துக்குப் பங்கில்லை என்று யாரும் வாதிட முடியாது.

கின்யோல் என்ற பெயரை அவர்கள் எடுத்த இடத்தை நினைத்தால் எனக்கு வருத்தம் கூடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரில் லோரான் மூர்கே என்ற பல்பிடுங்குபவர் உருவாக்கிய கைப்பொம்மை அது. கின்யோல் பட்டு நெசவாளி, கையில் தடி, போலீஸ்காரனையும் வீட்டுச் சொந்தக்காரனையும் அடிப்பவன். இங்கிலாந்தின் பஞ்ச், ரஷ்யாவின் பெத்ருஷ்கா எல்லாரும் அந்தச் சாதிதான். நம் தோல்பாவைக்கூத்தில் இராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர்க்கதை பேசும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இவர்களுக்கு அண்ணன் தம்பிகள். பொம்மை இங்கெல்லாம் சாமானியனின் முகம். வாய் அவனுடையது, கடைசி வசனமும் அவனுடையது. தொலைக்காட்சி அந்த முகத்தைக் கழற்றிவிட்டு ஆளுவோரின் முகத்தை மாட்டியது. நெசவாளியின் பெயர் நிகழ்ச்சியின் தலைப்பில் தங்கிவிட்டது. நெசவாளி மேடையிலேயே இல்லை. ஸ்பிட்டிங் இமேஜ் தொடங்கிய சில நாட்களில், 1984 மார்ச்சில், சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த நிகழ்ச்சியில் மறக்க முடியாத சுரங்கத் தொழிலாளி ஒருவரை யாராவது நினைவுகூர முடியுமா? செலவு பிடித்த பொம்மை. அடுத்த வாரமும் செய்தியில் இருக்கப் போகிறவருக்குத்தான் அதைச் செய்வார்கள்.

லே கின்யோல் ஒரேயொரு முறை இந்தப் பொறியிலிருந்து தப்பியதாகச் சொல்வேன். சில்வெஸ்டர் ஸ்டாலோனின் முகத்தைக் கொண்ட ‘மிஸ்டர் சில்வெஸ்டர்’. ஒருநாள் ராணுவ அதிகாரி, ஒருநாள் வங்கியாளர், ஒருநாள் பன்னாட்டு நிறுவன முதலாளி. அதே முகம், அதே குரல். அங்கே கேலி ஒரு மனிதர்மேல் விழவில்லை, ஓர் அமைப்பின்மேல் விழுந்தது. பார்வையாளர் செல்லம் கொஞ்ச அங்கே ஆள் யாரும் இல்லை.

2020இன் மறுபிறவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தன் தலைமுடியைத் தானே கலைத்துக்கொண்டு கேமரா முன் வரும் போரிஸ் ஜான்சனுக்கு ரப்பர் எதைக் கூட்டும்? இரண்டு தொடர்களோடு 2022இல் நின்றுபோனது. பொம்மை வித்தையை அதற்குள் அரசியல்வாதிகளே கற்றுவிட்டார்கள்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரே வலுவான சாட்சி ரஷ்யாவின் பொம்மை நிகழ்ச்சியான குக்லி. என்டிவி தொலைக்காட்சியில் 1994இல் தொடங்கியது. அதிபர் யெல்த்சினையும் அவருடைய ஆட்களையும் நாடோடிப் பிச்சைக்காரர்களாகக் காட்டியதற்காக 1995இல் அரசு வழக்குத் தொடுத்தது, வழக்கு நிலைக்கவில்லை. விளாதிமிர் புதின் வந்தபின் நிலைமை வேறு. 2000 ஜனவரியில் ஹாஃப்மனின் ‘குட்டி ஸாக்கஸ்’ கதையைத் தழுவி எழுத்தாளர் விக்டர் ஷெந்தரோவிச் ஒரு பகுதி எழுதினார். அவலட்சணமான குள்ளன் ஒருவனின் தலையை ஒரு தேவதை கோதிவிடுகிறாள். அந்த நொடியிலிருந்து ஊரே அவனை அழகன், அறிஞன் என்று வியக்கிறது. குள்ளனாக வந்தது புதினின் பொம்மை, தேவதையாக வந்தது கோடீஸ்வரர் பெரெஸோவ்ஸ்கியின் பொம்மை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடவடிக்கை கேட்டுக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். தாட்சருக்கு வராத கோபம் இங்கே வந்ததற்குக் காரணம், ரஷ்ய ஆட்சி கொடியது என்பது மட்டுமல்ல. அந்தப் பகுதியின் குறி புதினின் மூக்கு அல்ல; அவரை அழகன் என்று பார்க்கும் கண்கள். மயங்கி நின்ற ஊர் அங்கே கேலிக்கு உள்ளானது, அதாவது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சிரித்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துப் படுக்கப் போகும் வசதியை அது அவர்களுக்குத் தரவில்லை.

அதே ஆண்டில் புதினின் பொம்மை இனித் திரையில் வரக்கூடாது என்று கிரெம்ளின் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. ஷெந்தரோவிச் கீழ்ப்படிந்தார். ‘பத்துக் கட்டளைகள்’ என்று ஒரு பகுதி எழுதினார். மலைமேல் மேகம்; எரியும் முட்செடி; மோசேயாக வந்தது அதிபர் மாளிகைத் தலைமை அதிகாரி வோலோஷினின் பொம்மை. கடவுளுக்கு உருவம் இல்லை. கட்டளைகள் மட்டும் இறங்கி வந்தன. 2001 ஏப்ரலில் என்டிவி அரசு சார்ந்த காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு குக்லியும் முடிந்தது. பொம்மைத் தொடர்களில் நான் பார்த்தவற்றுள் நாயகனுக்குப் பொம்மையே இல்லாத அந்தப் பகுதிக்கு இணையாக வேறெதையும் என்னால் வைக்க முடியவில்லை. அதைப் பார்த்தவர்கள் கொஞ்சி மகிழ அங்கே ஒரு ரப்பர் முகம் இல்லை. மேகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.