கல்லாவுக்கு அந்தப் பக்கம்

முகப்பேரிலிருந்து அந்தக் கொரிய மளிகைக் கடைக்குப் போக எனக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மகள் எழுதிக் கொடுத்த பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. கொச்சுஜாங் ஒரு டப்பா, ராம்யன் நான்கு பாக்கெட், வறுத்த கடற்பாசித் தாள். கடை சின்னது. ஒரு கணவர், ஒரு மனைவி, மூலையில் ஃப்ரிட்ஜ், அதற்குள் கிம்ச்சி டப்பாக்கள். அலமாரி முழுக்க எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. சிவப்பு டப்பாக்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா எழுந்து வந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது காரம் கம்மி, அண்ணா" என்றார்.

கல்லாவுக்குப் பின்னால், அரிசிப் பைகளுக்கு நடுவே, பத்து வயதுப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினான். வந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். மறுபடி நோட்டில் குனிந்துகொண்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அது என்னுடையது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே மளிகைக் கடை போட்டவர். ஊருக்கே 'அண்ணாச்சி'. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தங்கச்சியும் கடைக்குத்தான் வருவோம். பொட்டலம் மடிப்பது என் வேலை, யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதும் என் வேலை. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது.

சென்னைக்குக் கொரியர்கள் வந்தது காரோடு. 1996-இல் ஹூண்டாய் இங்கே நிறுவனம் தொடங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகளும், அவற்றில் வேலை பார்க்கும் குடும்பங்களும், அந்தக் குடும்பங்களுக்குச் சோறும் ஊறுகாயும் விற்கும் சின்னக் கடைகளும் வந்தன. இப்போது அந்தக் கடைகளில் பாதிக் கூட்டம் நம் பிள்ளைகள். தொடர்களில் பார்த்ததைத் தின்று பார்க்க வருகிறார்கள். அப்படி வந்தவளின் அப்பாவாகத்தான் நானும் போனேன். திரும்பி வந்ததும், பாதியில் விட்டிருந்த 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' தொடரை முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை பக்கத்தில் என் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டேன்.

டொரோண்டோவில் கொரியக் குடும்பம் ஒன்று நடத்தும் மூலைக்கடையின் கதை அது. இன்ஸ் சோய் எழுதிய நாடகமாக 2011-இல் அந்நகரின் ஃப்ரிஞ்ச் விழாவில் அரங்கேறியது. 2016 முதல் 2021 வரை சிபிசி தொலைக்காட்சியில் தொடராக வந்தது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகமெல்லாம் போயிற்று. கடைக்காரரின் பாத்திரத்துக்குப் பெயரே 'அப்பா'. மனைவி 'உம்மா'. தமிழ் வீட்டில் இதைப் போட்டால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒரு சந்தோஷக் கூச்சல் எழும்: "அப்பான்னே கூப்பிடுறாங்க பாரு!" இந்தச் சந்தோஷம் பழையது. 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனாலும் நமக்கு ஆசை விடுவதில்லை. என் புகார் அங்கேதான் தொடங்குகிறது. 'அப்பா' என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த அப்பாவை நாம் சீக்கிரமாக மன்னித்துவிடுகிறோம்.

என் அப்பா மன்னிக்கவில்லை. மூன்று அத்தியாயம் முடிந்ததும், "என்னல கடை இது? ஒரு மூட்டை தூக்கல, ஒரு கணக்கு எழுதல. ரெண்டு பேரு வாரான், பேசிட்டுப் போறான். வாடகை எப்பிடிக் குடுக்கான்?" என்றார். இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட சிறந்த விமர்சனம் இதுதான். தொடரில் கடை ஒரு வரவேற்பறை. மனிதர்கள் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். விடிகாலைக் கொள்முதல் இல்லை, தேதி தாண்டிய சரக்கு இல்லை, பூட்டிய பிறகு பாக்கியை எண்ணும் அமைதி இல்லை.

நாடகத்தில் அது இருக்கிறது. அங்கே வால்மார்ட் வரப்போகிறது. கடையை வாங்கிக்கொள்ள ஆள் வந்து நிற்கிறார். விற்பதா, மகள் ஜேனட்டின் தலையில் கட்டுவதா என்பதுதான் கேள்வி. அப்பாவும் மகளும் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று மோதிக்கொள்கிறார்கள். கடையில் சும்மா நின்ற வருஷங்கள் ஒரு தட்டில், வளர்த்த செலவு இன்னொரு தட்டில். குடும்பக் கடையின் உண்மையான நாடகம் இந்தத் தராசுதான். வேலைக்கு ஆள் வைத்தால் கட்டாது, பிள்ளை நின்றால் கட்டும். பாசமா கூலியா என்று பிரிக்க முடியாதபடி அது கலந்துகிடக்கிறது.

நம்மிடம் கடையைப் பற்றிய பெரிய படைப்புகள் உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மெடானிலும் பினாங்கிலும் இருந்த தமிழ் வட்டிக்கடைகளின் உலகத்தை எழுதியது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களைக் காட்டியது. இரண்டிலும் கடையில் நிற்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். முதலாளியின் பிள்ளையே வேலையாளாக இருக்கும் கடை வேறு. அதை எழுதியதால்தான் சோயின் நாடகம் எனக்கு முக்கியமாகிறது.

நாடகத்தில் ஒரு காட்சி. யார் திருடுவார், யார் திருடமாட்டார் என்று அப்பா மகளுக்குப் பாடம் எடுக்கிறார். தோலின் நிறம், உடம்பு, சட்டை இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. என் அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடையிலும் அந்தப் பாடம் இருந்தது. கடன் கேட்டு வருகிறவரிடம் அப்பா முதலில், "உங்களுக்கு எந்த ஊரு?" என்பார். அடுத்து, "ஊர்ல எந்தத் தெரு?" பதிலைப் பொறுத்து நோட்டில் பெயர் ஏறும், அல்லது, "இப்பல்லாம் கடன் குடுக்கறதில்ல சார்" என்று முடியும். அந்த இரண்டாவது கேள்வி எதைத் தேடியது என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, நின்று கற்றுக்கொண்டேன்.

இந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்பதைக் கொரியக் கடைகளின் சரித்திரமே சொல்கிறது. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில், 1 டாலர் 79 சென்ட் ஆரஞ்சு ஜூஸைத் திருட வந்ததாக நினைத்து, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் கொரியக் கடைக்காரப் பெண் சுட்டுக் கொன்றார். கொலையாளிக்குச் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கலவரம் வெடித்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சூறையாடப்பட்டன, எரிந்தன. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. மேடை அதன் விளிம்பையாவது தொடுகிறது. தொடர் அதை நல்ல மனசுக்காரரின் வாய்த்துடுக்காக மாற்றி, அரை மணி நேரத்துக்குள் சமாதானம் செய்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு மகன் ஜங். நாடகத்தில் அப்பா அடித்த அடியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், பிறகு பணத்தோடு வீட்டை விட்டு ஓடுகிறான். தொடரில் அடி மங்கிவிட, திருட்டும் பிரிவும்தான் மிஞ்சுகின்றன. என் காதுக்குப் பின்னால் மூன்று தையல் இருக்கிறது. கல்லாவிலிருந்து இருபது ரூபாய் எடுத்ததற்காகத் தராசுத் தட்டு வந்து விழுந்த இடம். ஜங் வருகிற காட்சிகளில் அப்பா ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தொடர் அந்த அடியைக் காட்டியிருந்தால் ஒருவேளை பேசியிருப்போம்.

தொடர் ஏன் இப்படி இனித்துப்போனது என்பதற்கு ஒரு காரணம் வெளியே வந்திருக்கிறது. ஆறாவது பருவம் வராமலே தொடர் நின்ற பிறகு, 2021-இல், உம்மாவாக நடித்த ஜீன் யூனும் ஜங்காக நடித்த சிமு லியூவும், எழுதுகிற அறையில் கிழக்காசியக் குரல்கள், முக்கியமாகப் பெண்களின் குரல்கள், போதவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் குறையக் குறையக் கதை வாடிக்கையாளரின் கதையாகிவிடும்.

வாடிக்கையாளரின் கதையும் பெரிதாக இருக்க முடியும்தான். மிஷெல் ஸானரின் 'க்ரையிங் இன் ஹெச் மார்ட்' (2021) அப்படி ஒரு புத்தகம். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகள் கொரியக் கடையின் வரிசைகளுக்கு நடுவே அழுகிறாள். அந்த அழுகை நிஜம். ஆனால் அந்தப் பெரிய கடைத்தொடரும் 1982-இல் நியூயார்க்கின் குயின்ஸில் ஒரு மூலைக்கடையாகத்தான் தொடங்கியது. அவள் அழும்போது மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நாடகத்தின் முடிவில் ஜங் திரும்பி வந்து கடையை எடுத்துக்கொள்கிறான். சோய் அங்கே சற்று அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான் திரும்பவில்லை. 2019-இல் அப்பா ஷட்டரை இறக்கினார். அதற்கு முன்னால் ஒருநாள்கூட, "நீ எடுத்து நடத்துதியா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. தொடரைப் பார்க்கிறவர்கள் நாடகத்தையும் தேடி வாசியுங்கள். தொடரைவிட அது நேர்மையானது.

அன்று கொண்டுவந்த கொச்சுஜாங்கை அப்பா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "இனிக்குது" என்றார். டப்பாவைத் திருப்பி விலையைத் தேடினார். பிறகு கேட்டார்: "கடையில சின்னப் பையன் இருக்கான்னியே, அவன் படிக்கானா, இல்ல கல்லாவைப் பாக்கானா?"

இரண்டும் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.